தீவாந்தரம் போனவரின் உருமா

கடலூர் ஆவண அறைக்கு மாற்றலாகி வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் தண்டனையாக வந்திருப்பீர்கள். மீதிப் பேர், தூசி ஒத்துக்கொள்ளாது என்பதற்கு உரிய காலத்தில் மருத்துவச் சான்று வாங்கத் தெரியாதவர்கள். இரு சாராருக்கும் வணக்கம். காகிதக் கட்டை எப்படிப் பிரிப்பது, எப்படித் திருப்பிக் கட்டுவது, எந்த ஆவணத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது விதிப் புத்தகத்தில் இருக்கிறது. விதிப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்களுடைய முதல் ஆராய்ச்சி.

நான் எழுத நினைப்பது வேறு. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாத ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். அதற்கு விதி கிடையாது. நான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அது நடந்தது. செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆகவே இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்சரிக்கையாக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. நான் பணியில் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது, அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் புகழ்ச்சியும் இல்லை. ஒரு மனுவுக்கு நான் ‘ஆவணம் இல்லை’ என்று எழுதி நீட்டினேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“எந்த இல்ல?”

“இல்லன்னா இல்லதான் சார்.”

“ஒங்க வூட்ல அரிசி இல்லன்னா, தீந்துபோச்சுன்னு அர்த்தமா, வாங்கவே இல்லன்னு அர்த்தமா, நீ கோதுமை டப்பாவுல தேடினன்னு அர்த்தமா? அந்த ஆளு கேட்ட சொல்லுக்கு இல்லயா, அவனுக்கு வேண்டியதுக்கே இல்லயா? போய்ப் பாத்துட்டு வா.”

அவர் சொன்ன கோதுமை டப்பாவை நான் மறந்தே போனேன். அது திரும்ப நினைவுக்கு வந்தது சேகரின் மனுவால்.

தகவல் உரிமைச் சட்டம் வந்த புதிது. ஊரில் எல்லாருக்கும் திடீரென்று எல்லாம் தெரியவேண்டியிருந்தது. மனுக்கள் மூட்டையாக வந்தன. அதில் ஒன்று சிதம்பரத்திலிருந்து. எழுதியவர் சேகர், பள்ளி ஆசிரியர். சொந்த ஊர் காடாம்புலியூருக்குப் பக்கத்தில், முந்திரியும் பலாவும் உள்ள குடும்பம். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. ‘எங்கள் முன்னோர் அங்கமுத்து என்பவர் வெள்ளையரை எதிர்த்ததற்காக அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் எங்கே, எப்போது இறந்தார் என்ற விவரம் தேவை.’

தேடினோம். அந்தமான் சம்பந்தப்பட்ட எதிலும் அங்கமுத்து இல்லை. இல்லை என்று பதில் போனது. கையெழுத்து என்னுடையது. விதிப்படி குறையில்லாத பதில். சேகர் மேல்முறையீடு செய்தார். சென்னைக்கு எழுதினார். போர்ட் பிளேருக்கு எழுதினார். எல்லா ஊரிலிருந்தும் எங்கள் பதிலே, தலைப்பு மட்டும் மாறி வந்தது.

ஒரு நாள் நேரில் வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், தோளில் ஜோல்னாப் பை, கையில் நாங்கள் எழுதிய பதில்கள் எல்லாம் தேதி வாரியாக. இப்படி ஒழுங்காகக் கோப்பு வைத்திருக்கும் மனுதாரரைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குக் கிலி.

“தியாகி குடும்பம்னு சலுகை எதாவது…?” என்று கேட்டேன். கேட்டாக வேண்டிய கேள்வி. பாதிப் பேருக்கு அதுதான் காரணம்.

“ஐயோ, அதெல்லாம் இல்ல சார். எங்க அப்பாவுக்காக. ரெண்டு கிட்னியும் போயிடுச்சி. சிதம்பரத்துல என் வூட்லதான் வச்சிப் பாத்துக்கறேன். வாரத்துக்கு ரெண்டு வாட்டி ரத்தம் சுத்தம் பண்றாங்க. அமாவாசைக்கு அமாவாசை, செத்துப்போன எல்லார் பேரையும் சொல்லித் தண்ணி எறைப்பாரு. இந்த ஒருத்தருக்கு மட்டும் எங்க பரம்பரையில யாருமே தண்ணி குடுத்ததில்ல. செத்த சேதி வரலயே சார். சேதி வராத ஆளுக்கு எப்பிடிக் குடுக்கறது? அவுருதான் எங்க வகையறாவுல மூத்தவரு. நான் போறதுக்குள்ள அவருக்கு ஒரு கை தண்ணி குடுத்துட்டுப் போறேன், எங்க செத்தாருன்னு மட்டும் கேட்டு வந்து சொல்லுடாங்கறாரு. என்னை வெரட்டிகினே இருக்காரு சார்.”

அவ்வளவுதான் விஷயம். ஒரு கை தண்ணீர். அதற்கு ஓர் இடம் வேண்டும்.

அதன் பிறகு பள்ளி விடுமுறை விட்டால் சேகர் கடலூருக்கு வந்துவிடுவார். நான் தேடாத இடமில்லை. பழைய கோர்ட்டுக் கட்டுகளில் எங்களிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம். கரையான் தின்றதும், உத்தரவுப்படி எரித்ததும் போக மீதி. அதில் பல அங்கமுத்துகள் இருந்தார்கள். எவரும் அந்தமான் போனவராகத் தெரியவில்லை. இப்படியே சில வருடங்கள் ஓடி எனக்கு ஓய்வு வந்தது. மாலை, பொன்னாடை, என்னைப் பிடிக்காதவர்கள் என்னைப் பாராட்டிப் பேசியது எல்லாம் முறைப்படி முடிந்தது. நான் மஞ்சக்குப்பத்தில் வீட்டோடு இருந்துகொண்டேன். சேகர் வீட்டுக்கும் வந்தார்.

2011இல், ஐப்பசி மழை தொடங்கியிருந்த சமயம், போன் செய்தார். “சார், அப்பா ஒங்கள நேர்ல பாக்கணுங்கறாரு. நடக்க முடியல. இருந்தாலும் வந்தே தீருவேங்கறாரு.”

வாடகைக் காரில் வந்தார்கள். தந்தையைக் கைத்தாங்கலாக இறக்குவதற்கு முன்னால் சேகர் என்னை வாசல் கேட்டுக்கு வெளியே ஓரமாக இழுத்தார்.

“சார், ஒரு உதவி. டாக்டர் ஒண்ணும் நல்லபடியா சொல்லல. நீங்க சும்மா, அந்தமான்ல செத்துட்டாரு, ரெக்கார்டு கெடச்சிடுச்சின்னு சொல்லிடுங்க. நேரா தேவனாம்பட்டினம் போயி கடலப் பாத்து ஒரு கை தண்ணி விட்டுட்டு வந்துடுவாரு. நிம்மதியாப் போயிடுவாரு சார். ஒங்க வாயால சொன்னா நம்புவாரு. ஆபீசர் வாக்கு.”

நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சர்வீஸ் முழுக்கப் பழகிய பதில் அது.

பெரியவர் வைத்தியலிங்கம் ஒரு காலத்தில் ஆஜானுபாகுவாக இருந்திருக்க வேண்டும். இப்போது சட்டைக்குள் ஆள் தேட வேண்டியிருந்தது. கால் வீங்கியிருந்தது. நெற்றி நிறையத் திருநீறு. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்ததும் முதல் கேள்வி:

“தீவாந்தரத்துல எங்க சார் செத்தாரு?”

தீவாந்தரம். எத்தனையோ மனு, எத்தனையோ பதில். அந்தச் சொல் எதிலும் இல்லை.

“அந்தமான்னுதானே மனுவில எழுதியிருந்தது?”

“அது இவன் எழுதினது. எங்க அப்பா, அவரு அப்பா எல்லாரும் தீவாந்தரம் போனவருன்னுதான் சொல்லுவாங்க. தீவாந்தரம்னா அந்தமான்தாம்பா, எல்லாருக்கும் தெரியும்னான். படிச்சவன் சொல்றான்னு உட்டுட்டேன்.”

கோதுமை டப்பா. அந்தமானில் கைதிகளைக் குடியேற்றியது 1857 கலகத்துக்குப் பிறகு. அதற்கு முன்னால் ‘தீவாந்தர சிட்சை’ என்றால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், பர்மாவில் மோல்மீன் என்று கப்பல் எங்கே போகிறதோ அங்கே. தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் தீவாந்தரம் என்ற சொல்லை அந்தமான் என்றுதான் மொழிபெயர்ப்பார்கள். சேகரும் மொழிபெயர்த்தார். நாங்கள் எல்லாரும் மொழிபெயர்ப்பில் தேடினோம்.

இதற்குள் என் மனைவி காபி கொண்டுவந்தாள். அவளுக்கு முன்னங்கையில் பச்சை உண்டு. சிறுமியாக இருந்தபோது ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவில் குத்தியது; ஒரு கோலமும் ஒரு தேளும். டம்ளரை வாங்க நீட்டிய கையைப் பெரியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். காபி தரையில் சிந்தியது.

“ஏன் ஐயா, எங்க வூட்டுக் காபி ஆவாதா?” என்றாள் மனைவி. அவள் குரலில் மரியாதை குறையவில்லை, சூடு ஏறியிருந்தது.

“ஐயய்யோ, அதில்லம்மா. பச்ச. எங்க வகையறாவுல பச்ச குத்தின கையால எதையும் வாங்க மாட்டோம். தப்பா எடுத்துக்காதம்மா. கீழ வச்சிடு, நானே எடுத்துக்கறேன்.”

“நல்ல கதையா இருக்கே! ஒங்க காலத்துல பச்ச குத்தாத பொம்பள ஏது? பொண்ணு எங்க புடிச்சீங்க?”

“அதயேன் கேக்கற. பொண்ணு பாக்கப் போனா மொதல்ல கையப் பாப்போம்.”

“மூஞ்சியப் பாக்க மாட்டீங்களா?”

“நெத்திய மட்டும் பாப்போம். நெத்தியில பொட்டளவு பச்ச இருந்தாலும் எழுந்து வந்துடுவோம். எங்க அம்மாவக் கண்டுபுடிக்கறதுக்குள்ள எங்க பாட்டன் செருப்பு தேஞ்சுபோச்சாம்.” சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது.

“அப்பா, விடுப்பா” என்றார் சேகர், கூச்சத்தோடு.

எனக்கு விட மனமில்லை. “வேற என்னென்ன ஆவாது?” என்று கேட்டேன்.

“பச்ச ஆவாது. கொல்லையப் பாத்து வாசக்கால் வைக்க ஆவாது, சன்னல்கூட வைக்க மாட்டோம். கொலசாமிக்கு உருமா அவுக்க ஆவாது.”

தலைப்பாகையைத்தான் உருமா என்றார். அவர்கள் முந்திரிக் கொல்லையில், ஒரு பலா மரத்தடியில், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். அதுதான் குலசாமி. பெயர் உருமாலய்யன். பங்காளிகள் மட்டும்தான் கும்பிடுவார்கள். வருடா வருடம் ஆடியில் சேவல் அறுத்துப் புது உருமா கட்டுவார்கள். பழையதை அவிழ்க்காமல் அதன் மேலேயே, கண் புருவம் வரை மூடுகிற மாதிரி.

“மூத்தவன்தான் கட்டணும். நான்தான் கட்டிகினு வரேன். கட்டும்போது கண்ண மூடிக்கணும். சுத்தி நிக்கற அத்தினி பேரும் அடையாளம் தெரியலய்யா, அடையாளம் தெரியலய்யான்னு சொல்லணும்.”

“யாரோட அடையாளம்?”

“அது மந்திரம் சார். அர்த்தம் கேக்கக் கூடாது. சின்ன வயசுல கேட்டேன், எங்க அப்பா அறைஞ்சிட்டாரு.”

என் சர்வீஸில் பல சுற்றறிக்கைகள் அப்படித்தான் அமலில் இருந்தன. ஆனால் அன்றைக்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. ஒரு சமாசாரம் நினைவுக்கு வந்தது.

பொழுது போகாத மத்தியானங்களில் கும்பெனி காலத்து ஒழுங்குமுறைகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தவன் நான். ஆயுள் முழுக்கத் தீவாந்தரம் விதிக்கப்பட்ட கைதியின் நெற்றியில் அவன் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் அப்போது இருந்தது. அந்தந்த ஜில்லாவின் மொழியில், பார்ப்பவர்களுக்குப் புரியும்படி. மக்கள் மொழியில் நிர்வாகம் என்பதைக் கும்பெனியார் முதலில் அமல்படுத்தியது நெற்றியில்தான். தப்பி வந்தால் ஒளிந்துகொள்ள முடியாது. அந்தமான் திறப்பதற்கு முன்பே இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

தப்பி வந்தவர்கள் உண்டா என்றால் உண்டு. பரங்கிப்பேட்டைக்கும் பினாங்குக்கும் மரைக்காயர்களின் கப்பல்கள் போய் வந்துகொண்டிருந்த காலம். அப்படி ஒருவன் வந்து இறங்கினால் என்ன செய்வான்? உருமா கட்டுவான். புருவம் வரை இறக்கிக் கட்டுவான். இருட்டின பிறகு சொந்த வீட்டுக் கதவைத் தட்டுவான். கைதி திரும்பி வந்தது வெளியே தெரிந்தால் அவனுக்கும் ஆபத்து, இடம் கொடுத்த வீட்டுக்கும் ஆபத்து. அந்த வீட்டுக்காரர்கள் விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பார்கள்?

இது எதற்கும் என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் ஊகம். ஒரு பச்சை, ஒரு உருமா, ஒரு வாசகம். இதை வைத்து ஒரு குறிப்பு எழுதினால் எந்த மேலதிகாரியும் திருப்பி அனுப்பிவிடுவார். நான் அதிகாரியாக இருந்தால் நானே அனுப்புவேன்.

“என்னா சார், பேச்சக் காணோம்?” என்றார் பெரியவர். “ஒங்களுக்கு ஏதோ தெரியுது. மூஞ்சியில தெரியுது. எங்க செத்தாரு, சொல்லுங்க.”

அவருக்குப் பின்னால் நின்றிருந்த சேகர் உதட்டை அசைத்தார். அந்தமான், அந்தமான். சமையலறை வாசலில் நின்ற என் மனைவி தலையை ஆட்டினாள். சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா என்று முப்பது வருடத் தாம்பத்தியத்துக்குப் பிறகும் எனக்கு விளங்கவில்லை.

பொய் சொல்லலாம். நல்ல பொய்தான். கடற்கரையில் காரில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். ஊகத்தையும் சொல்லலாம், சாகப்போகிற மனிதரிடம், உங்கள் முன்னோர்கள் சொந்த அண்ணன் தம்பியைக் கைவிட்டவர்கள் என்று. இரண்டுமே என் வேலை இல்லை. நான் எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்வதென்று முடிவு செய்தேன். அதையும் தயங்கித்தான்.

“அங்கமுத்து அந்தமானுக்குப் போயிருக்க மாட்டாருன்னு நெனைக்கிறேன். அதுக்கும் முந்தின காலம். அந்தக் காலத்துல ஆயுசுக்கும் தீவாந்தரம் போறவங்க நெத்தியில, இன்ன குத்தம்னு பச்ச குத்தி அனுப்புவாங்க. இது எனக்குத் தெரியும். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

பெரியவர் கை மெல்ல மேலே போய்த் தன் நெற்றித் திருநீற்றைத் தொட்டது. அங்கேயே நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கார் டிரைவர் கண்ணாடியை ஏற்றும் சத்தம் கேட்டது.

“அப்ப, திரும்பி வர்றதா இருந்தா… உருமா கட்டிகினுதான் வரணும்.”

“வந்தாரான்னு எனக்குத் தெரியாது ஐயா.”

“எனக்குத் தெரியுது சார்.”

சேகர், “அப்பா, சார் சும்மா ஒரு பேச்சுக்கு…” என்று ஆரம்பித்தார். பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“வூட்டு வாசல்ல வந்து நின்னிருக்காரு. அடையாளம் தெரியலன்னுட்டாங்க. அப்பறம் அடிச்சாங்களோ, புடிச்சிக் குடுத்தாங்களோ, கொல்லையில பட்டினியாவே கெடந்தாரோ. அது தெரிஞ்சி நான் என்னா பண்ணப் போறேன். செத்த எடம் தெரிஞ்சிபோச்சி, அந்தக் கல்லுதான் அவரு. வருசா வருசம் நான்தான் சார் கண்ண மூடிகினு அவரு கண்ணக் கட்டியிருக்கேன்.”

கீழே வைத்திருந்த மீதிக் காபி ஆறிப்போயிருந்தது. அவர் என் மனைவியைக் கூப்பிட்டு, “கையாலயே குடும்மா” என்றார். அவள் டம்ளரை எடுத்து நீட்டினாள். அவள் கையைப் பார்த்தபடியே வாங்கிக் குடித்தார்.

காரில் ஏற்றிவிட்டுத் திரும்பிய சேகர் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. “ஒரு பொய் சார். ஒரே ஒரு பொய். அதுக்கும் ஸ்டாம்பு ஒட்டி மனு குடுத்திருக்கணுமா?”

சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். கோபித்துக்கொண்டவர் போன் செய்ய மாட்டார் என்று நினைத்தேன். கார்த்திகை பிறந்ததும் செய்தார். பெரியவர் அமாவாசையன்று கொல்லைக்குப் போகிறாராம். நானும் வர வேண்டுமாம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. சிதம்பரத்தில் அவர்களுக்கு வழக்கமாகத் திதி செய்து வைக்கும் ஐயரிடம் கேட்டிருக்கிறார்கள். “சாமியா, பித்ருவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ” என்றாராம் அவர். “சாமின்னா எள்ளும் தண்ணியும் விடப்படாது. பித்ருன்னா சேவல் அறுக்கப்படாது. ரெண்டுக்கும் ஒரே எலை போட நேக்குத் தெரியாது.” என் அனுபவத்தில் இவ்வளவு தெளிவான விதி விளக்கத்தை எந்த அதிகாரியும் தந்ததில்லை. ஒரே ஆள் இரண்டு பதவியில் இருக்க முடியாது. ஒன்றிலிருந்து விடுவித்தால்தான் மற்றொன்றில் சேர்க்கலாம்.

பெரியவர் விடுவிக்க முடிவு செய்திருந்தார்.

சிதம்பரத்தில் அவர்களோடு ஏறிக்கொண்டேன். சேத்தியாத்தோப்பு வழியாக ஊர் போய்ச் சேர்ந்தோம். கொல்லையில் பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு பேர் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் ஏகாம்பரம். பெரியவருக்குச் சித்தப்பா மகன், அடுத்த மூத்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவருதான் அந்த ஆபீசரா? எங்க சாமிய ஜெயில் கைதின்னு சொன்னவரு?”

“நான் அப்பிடிச் சொல்லல.”

“எதுவும் சொல்லாமதான் இவ்ளோ தூரம் வந்துச்சா?” பிறகு பெரியவர் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “அண்ணே, வேணாண்ணே. நீ சிதம்பரத்துல இருக்க. நாங்க இங்க கொல்லையில பொழைக்கணும். அவரு யாரா இருந்தா என்னா? இத்தினி தலமுறையா காத்துகினு இருக்காரு. அவுத்துட்டா யாரு காப்பா?”

“காத்துகினுதான் இருக்காரு” என்றார் பெரியவர். “நம்மள இல்ல. நாம கூப்புடுவோம்னு.”

பலா மரத்தடியில் அந்தக் கல் நின்றது. வருடக்கணக்கில் சுற்றிய துணி, கல்லை விடப் பெரிதாக, சாக்கு மூட்டை போல இருந்தது. வீடுகள் எல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. சேகர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, பெரியவர் மண்டியிட்டார். பங்காளிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் மூடவில்லை.

அவிழ்க்க வெகு நேரம் ஆனது. மேல் துணிகள் வெள்ளையாக வந்தன. அப்புறம் பழுப்பு. அப்புறம் எண்ணெயும் ரத்தமும் ஊறிய கறுப்பு. உள்ளே போகப் போகத் துணி பிரியவில்லை, உதிர்ந்தது. கடைசியில் கல் தெரிந்தது.

நெற்றியில் ஏதாவது எழுதியிருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். தொழில் புத்தி. குனிந்தே பார்த்தேன். ஒன்றுமில்லை. முகம்கூடச் செதுக்காத வெறும் கல். அங்கமுத்து என்ன குற்றம் செய்தார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. வெள்ளையரை எதிர்த்திருக்கலாம். பலாப்பழம் திருடியிருக்கலாம். அடுத்தவன் குழந்தையைக் கொன்றிருக்கலாம்.

பெரியவர் அந்த வழுவழுப்பான இடத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு சாதாரணமாக, ஊரிலிருந்து வந்து வாசலில் நிற்கிறவரிடம் சொல்வதைப் போலச் சொன்னார்:

“அடையாளம் தெரியுதுய்யா. வந்துட்டீங்க இல்ல? இனிமே உருமா எதுக்கு, உள்ள வாங்க.”

எள்ளும் தண்ணீரும் விட்டார். பாதி அவர் மடியிலேயே விழுந்தது. ஏகாம்பரம் தண்ணீர் விட்டு முடியும் வரை கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே திரும்பி நடந்துவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். நன்றாக முடிந்த கோப்புகளை யாரும் திரும்பப் பிரிப்பதில்லை.

அந்த மார்கழியில்தான் ‘தானே’ புயல் வந்தது. உங்களில் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்தன. மின்சாரம் வர வாரங்கள் ஆயின. வங்கக் கடலில் உருவாகி, வானிலை மையம் பெயரிட்டு, முன்கூட்டியே அறிவித்து வந்த அந்தப் புயலுக்கு, காடாம்புலியூர்க் கொல்லையில் ஒரு கிழவர் பொறுப்பாளியாக்கப்பட்டார்.

ஏகாம்பரம் என் எண்ணைச் சேகரிடம் வாங்கிப் பேசினார். “என்னா ஆபீசரே, பாத்தீங்களா? எங்க கொல்லையில ஒரு மரம் நிக்கல.”

“எங்க வூட்டுத் தென்னையும்தான் விழுந்துபோச்சுங்க.”

“விழாதா பின்ன? நீங்களும்தான பக்கத்துல நின்னு எட்டிப் பாத்தீங்க.”

போனை வைத்துவிட்டு, விழுந்து கிடந்த தென்னையை ஒரு முறை போய்ப் பார்த்தேன்.

பொங்கல் கழித்துச் சிதம்பரம் போய்ப் பெரியவரைப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தார். கண் மட்டும்தான் அவருடையதாக இருந்தது. பங்காளிகள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று சேகர் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

“சார், எங்க கொல்லை மட்டுமா, எல்லாருக்குமா?” என்று கேட்டார் பெரியவர்.

“எல்லாருக்கும்தான் ஐயா.”

“பண்ருட்டியில?”

“பண்ருட்டியில ஒண்ணும் மிச்சமில்ல.”

“குறிஞ்சிப்பாடியில?”

“அங்கயும்தான்.”

“கடலூருல?”

“எங்க வீட்டு மரமே போச்சு.”

ஒவ்வொரு ஊராகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். இந்த முறை அத்தனையும் உண்மை. ஆனால் பொய் சொல்பவனின் அவசரத்தோடு சொன்னேன்.

“அவ்ளோ கோவக்காரரு இல்ல சார் அவரு” என்றார். “வூட்டத் தேடி வந்தவருதான?”

எனக்குச் சொன்னாரா, தனக்கா என்று தெரியவில்லை. அந்த வாரமே போய்விட்டார். காரியத்துக்குப் பங்காளிகள் வந்தார்கள். அதற்கு வராமல் இருக்க முடியாது. அங்கேயே பேச்சு எழுந்ததாம். உருமாவை அவிழ்த்தான், மரமும் போச்சு, அவனும் போனான் என்று.

அதற்கப்புறம் சேகரை நான் பார்த்தது ஆடி கழித்து, மஞ்சக்குப்பம் பஸ் நிறுத்தத்தில். மொட்டை அடித்த தலையில் முடி வளர்ந்திருந்தது. பழைய கோபம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“ஆடியில மறுபடி கட்டிட்டோம் சார். புது உருமா.”

“யாரு கட்டினது? ஏகாம்பரமா?”

“அவுத்தவரு மகன்தான் கட்டணும்னுட்டாங்க. நான்தான் சார். எல்லாரும் வூட்டுக்கு வந்து ஒக்காந்துகினாங்க. பொண்டாட்டி புள்ளைங்க இருக்கே சார். இன்னொரு புயல் வந்தா என்னையும்தான சொல்லுவாங்க.”

“கண்ண மூடிக்கிட்டா?”

“மூடிகினுதான்.”

பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவரை நிறுத்திக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“அந்த வாசகம்? அதையும் சொன்னீங்களா?”

“சொல்லாம எப்பிடி சார்? அடையாளம் தெரியலய்யான்னு எல்லாரும் சொன்னோம்.”

“இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுமே, சேகர்.”

படியில் நின்றபடி அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அதனாலதான் சார், இந்த வாட்டி ரொம்ப சத்தமா சொன்னாங்க.”